சுவரில் போட்ட கணக்கு

(பல்கலைக்கழகப் பொதுக்கொள்கை மையம் ஒன்றின் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, இந்த மையத்தைத் தம் பிள்ளைபோல வளர்த்துவரும் இயக்குநர் அவர்களே, விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகள் பரிசு வாங்குவதைப் பார்க்க விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா எனக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர். அவரை வணங்கிவிட்டுத்தான் மைக்கைப் பிடிக்கிறேன்.

மூன்று செய்திகளைப் பேச வந்தேன். ஒன்று, மாணவர் செய்கிற ஆய்வு எவ்வளவு தூரம் போகும் என்பது. இரண்டு, ஆசிரியர்களின் பங்கு. மூன்று, ஆய்வுக்கான நிதி.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது.’ எந்த மேடையிலும் நான் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்கியதில்லை. விவசாயத்தில் லாபம் இல்லை என்றுதான் எல்லோரும் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் கேட்கிறது. உழுகிறவனுக்குக் கணக்குப் பார்க்க நேரமும் இல்லை, மனசும் வராது. அவனுக்காக வேறு யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சென்னையில் அப்படிப் பார்த்தவர்கள் மாணவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். ஊர்களைப் பற்றிய கேள்விப் பட்டியலை மாணவர்கள் கையில் கொடுத்து, போய் விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிள்ளைகள் எழுதி வந்தார்கள். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டுத் தூசி, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம் எல்லாம் 1918-இல் புத்தகத்தில் ஏறின.

1936-37-இல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வு கொண்டுபோனார்கள். மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து, தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன், மானிடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து 1980-களில் இருவேல்பட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே ஊரின் கதையை 2008 வரை கொண்டுவந்தார்கள். ஒரு மாணவர் கொண்டுவந்த கட்டுரை, தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஊரைத் தொடர்ந்து பார்க்க வழி செய்திருக்கிறது! ஆசிரியர்களின் பங்கு என்று நான் சொன்ன இரண்டாவது செய்தியும் இதிலேயே வந்துவிட்டது.

சரி, இவ்வளவும் எந்த மொழியில்? ஆங்கிலத்தில். இருவேல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு, தன் கொள்ளுத்தாத்தா காலத்துக் கூலி என்ன என்று படிக்கக் கிடைக்குமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எம்.ஏ. படிக்கும்போது ஆய்வுக்காகத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். மார்கழி மாதம். ஒரு பாட்டி திண்ணையில் உட்காரச் சொல்லி, சொம்பில் நீராகாரம் கொடுத்தார். நடவு எத்தனை நாள், களையெடுப்பு எத்தனை நாள், கூலி பாக்கி உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். பாட்டி பதில் சொல்லாமல் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். அடுப்புக்கரியால் போட்ட கோடுகள். நடவுக்குப் போன நாளுக்கு நீளக் கோடு, களையெடுக்கப் போன நாளுக்குக் குட்டைக் கோடு. கூலி கைக்கு வந்துவிட்டால் அந்தக் கோட்டின் தலையில் சாணியால் ஒரு பொட்டு. பொட்டு இல்லாத கோடுகளை எண்ணினேன். இருபத்து மூன்று. என் படிவத்தில் இருந்த கேள்விகளை எல்லாம்விடத் தெளிவான கணக்கு அது.

நான் எழுதி முடித்ததும் பாட்டி கேட்டார்: “தம்பி, பொங்கலுக்குச் சுவத்துக்கு வெள்ளையடிச்சாகணும். கோடெல்லாம் போயிடும். நீ எழுதினதுல ஒண்ணு எனக்கும் குடுத்துட்டுப் போப்பா.”

அப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். நன்றாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன் பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இருபத்து மூன்று கோடுகள் என் ஆய்வேட்டில், நான்காவது அட்டவணையில், ஆங்கிலத்தில் ஒரு வரி ஆயின. எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. ஏடு துறை அலமாரிக்குப் போனது. இரண்டு பொங்கல் கழித்து அந்த ஊர்ப் பக்கம் போனபோது பாட்டி இல்லை. சுவரில் சுண்ணாம்புதான் இருந்தது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அந்தப் பாட்டி கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுக்காதவன் நான்.

அதனால்தான் பத்து வருஷமாகப் போகிற இடமெல்லாம் இதையே கேட்கிறேன். இன்றைக்குப் பரிசு வாங்கிய மாணவி ஒருவர், கட்டணமில்லாப் பேருந்தில் வேலைக்குப் போகும் பெண்களோடு நின்றுகொண்டே பயணம் செய்து, மிச்சமாகும் காசு எங்கே போகிறது என்று குறித்து வந்திருக்கிறார். அருமையான வேலை. அவருக்குக் கேடயம் கொடுத்தாயிற்று. அந்தப் பெண்களுக்கு என்ன கொடுக்கப் போகிறோம்?

துணைவேந்தர் அவர்களே, ஆய்வேட்டோடு நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் வந்தால்தான் பட்டம் என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆட்சியர் அவர்களே, நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குடியரசு தினத்தன்று, மார்ச் 22, மே 1, சுதந்திர தினத்தன்று, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒரு நாள், ஆய்வு செய்த பிள்ளையே போய் அந்த நான்கு பக்கத்தையும் வாசிக்கட்டும். தப்பாக எழுதியிருந்தால் ஊர்க்காரர்கள் அங்கேயே திருத்துவார்கள்.

நிதி பற்றிச் சொல்ல வேண்டியதை அப்புறம் இயக்குநரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். முதல் பத்து ஆய்வுகளின் தமிழ்ச் சுருக்கத்தை அச்சடிக்கும் செலவு என்னுடையது. என் தொலைபேசி எண் அலுவலகத்தில் இருக்கிறது. வணக்கம்.