களனியை அளந்து வைப்போம்

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, கொட்டும் மழையையும் காலி வீதி நெரிசலையும் பொருட்படுத்தாது வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத்தினரே, தேநீர்ச் செலவை ஏற்றுக்கொண்ட வர்த்தகப் பெருமக்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். காலநிலை மாற்றம் ஆற்றின் ஓட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை மழை, பனி, மனிதர் என்ற மூன்று தலைப்புகளில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நான் மேடைதோறும் சொல்லிச் சலிப்பூட்டுவது உங்களுக்குத் தெரியும். இன்றும் அதிலிருந்து தப்ப முடியாது.

வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இடைப்பட்ட வெயில் நாள்களில் மண்ணும் நீர்த்தேக்கங்களும் விரைவாக வற்றுகின்றன. ஆண்டு முழுவதும் ஓடிய நீரைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாமலும் போகலாம். ஆனால் மே மாதத்தில் வீட்டுக்குள் வந்த அதே ஆறு வரட்சியில் மெலிந்து கிடக்கும். சிவனொளிபாதமலைப் பக்கம் தொடங்கி 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனியை நம்பித்தான் கொழும்பு தண்ணீர் குடிக்கிறது. அது மெலிந்த காலங்களில் கடலுப்பு மேலேறி, குடிநீருக்கு ஆற்றுநீர் எடுக்கும் அம்பத்தளையை எட்டாதிருக்க, ஆற்றின் குறுக்கே மணல்மூட்டை அடுக்க வேண்டியிருந்ததை இங்குள்ள மூத்தோர் அறிவர்.

பனியுருகி ஊட்டும் சிந்து போன்ற ஆறுகளில் முதலில் நீர் பெருகும், பனிப்பாறை தேய்ந்தபின் குறையும். நமக்குப் பனியில்லை, அத்தலைப்பை இத்துடன் விடுகிறேன்.

2016 மே வெள்ளத்தின்போது கொழும்பில், கிராண்ட்பாஸ் பக்கத்து ஒழுங்கையொன்றில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருந்தார். அவருடைய சுவரில், 1989 வெள்ளம் நின்ற உயரத்தில், காலஞ்சென்ற கணவர் இழுத்த கரிக்கோடு இருந்தது. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தபோதும் அந்தக் கோட்டை மட்டும் ஆச்சி மறைக்க விடவில்லை. அன்றிரவு கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். ஆச்சி அதை ஓரமாக வைத்துவிட்டு விளக்குடன் வாசலில் அமர்ந்து படிகளை எண்ணினார். இரண்டாம் படி மூழ்கியதும் அரிசி மூட்டை மேலே போனது; மூன்றாம் படிக்குத் தையல் இயந்திரம்; அதன்பின் உறங்கிக்கொண்டிருந்த மருமகன். "தம்பி, படி தமிழில் பேசுகிறது" என்றார் என்னிடம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அவரளவுக்கு விளங்கியவரை நான் கண்டதில்லை.

எனினும் படி உயரத்தைத்தான் சொல்லும், ஓட்டத்தைச் சொல்லாது. மணல் அகழ்வால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால், களனியின் நீர்மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோல் அதே அடியைக் காட்டினாலும் கீழே ஓடும் நீரின் அளவு வேறு. ஆதலால் ஆற்றின் அகல ஆழத்தைக் காட்டும் குறுக்குவெட்டையும் நீரின் வேகத்தையும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். ஒரு வெள்ளத்தை வைத்துக் காலநிலையைப் பேச இயலாது. 30 ஆண்டுச் சராசரி வேண்டும், இடையில் விடுபட்ட ஆண்டுகள் அதைக் கெடுத்துவிடும்.

மனிதர் என்ற மூன்றாம் தலைப்புக்குள் நுழையுமுன் தலைவர் மணியை அடித்துவிட்டார். அவருக்குக் கீழ்ப்படிகிறேன். களனியின் அன்றாட நீர்மட்டமும் எச்சரிக்கையும் தமிழிலும் வர வேண்டுமென்ற மனு வாயிலருகே, தேநீர் மேசையில் இருக்கிறது; முதற் கையெழுத்துக்கான இடத்தை ஆச்சியின் மகளுக்காக விட்டிருக்கிறேன், இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.