உம் கொட்ட ஒருவர்

(கேரள எல்லையில், பாலக்காடு ஜில்லாவின் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தனியாள் நாடகம் நடந்த மறுநாள் மாலை, அதே கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நேற்று இங்கே வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஸ்டூல், ஒரு சொம்புத் தண்ணீர், கோயமுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் இளைஞர். மேடையில் வேறு எதுவும் இல்லை. தம் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்" என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தினார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கணீரென்று "உம்" என்றார். கூடமே சிரித்துவிட்டது.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அந்த "உம்" என்னைத் தூங்கவிடவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தலைப்பு "வாழ்வும் மரணமும்" என்று நோட்டீஸில் அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை, மன்னிக்க வேண்டும்.

என் தகப்பனார் போனது வீட்டில், கயிற்றுக் கட்டிலில். விடியற்காலை. பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மகனிடம், "ஊர்த்வன் வலிக்குந்நு" என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு எங்கோ வலிக்கிறது என்றுதான் புரிந்துகொண்டேன். தைலம் எடுக்க ஓடினேன். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது என்று தெருவில் விளையாடும்போது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் தமிழ் வந்து குறுக்கே நின்றுவிட்டது. சேச்சி சொன்னது மேல்மூச்சு இழுக்கிறது என்பதைத்தான். நாமும் "இழுத்துக்கொண்டிருக்கிறது" என்றுதானே சொல்கிறோம்? எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாவுக்குப் பார்த்த அடையாளம் ஒன்றே. மூச்சு.

அதனால்தான் சாவை மேடையில் காட்டுகிறவர்களிடம் நான் முதலில் மூச்சைக் கவனிப்பேன். கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் பாலிவதம், அதாவது வாலி வதம், என்று ஒன்று உண்டு. பாசன் எழுதிய அபிஷேக நாடகத்தில் முதல் அங்கம். அம்மன்னூர் மாதவச் சாக்கியார் அதில் பாலியாக வந்து சாவதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1917இல் பிறந்து 2008இல் மறைந்தவர், இரிஞ்ஞாலக்குடைக்காரர். அந்தச் சாவுக்கு வசனம் கிடையாது. மூச்சு மேலேறி, தங்கி, அறுந்து, மறுபடி திரும்பி வந்து, கண் நிலைகுத்தும். மேடையில் மற்ற பாத்திரங்கள் நிற்கும். சாவது என்னவோ அவர் ஒருவர்தான்.

அந்த மேடையிலும் நடிகனுக்குத் துணை உண்டு. பின்னால் மிழாவு இருக்கிறது. செம்புக் குடத்தின் வாயில் தோல் கட்டிய வாத்தியம். அதே மரபைச் சேர்ந்த சாக்கியார் கூத்தில் ஒரே ஆள்தான் கதை சொல்லுவார். சுலோகத்தைச் சொல்லி நிறுத்தினால், வாத்தியக்காரரான நம்பியார் மிழாவைத் தட்டுவார். அந்த இடைவெளியில் சாக்கியார் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மிழாவைப் பிரம்மசாரியாகக் கருதிச் சடங்கு செய்து ஏற்றுக்கொள்வார்கள்; பழுதாகிப்போனால் மனிதருக்குச் செய்வதுபோல இறுதிக் கடனும் செய்வார்கள். இத்தனை பேருக்கு மூச்சு கொடுத்த குடத்துக்கு அது தகும்.

நம் ஜில்லாவின் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார், அந்த மிழாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார் என்று கதை. சாக்கியார் சபையிலேயே கேலி செய்தார். ரோஷத்தில் நம்பியார் மறுநாளே துள்ளல் என்ற பாட்டும் ஆட்டமும் கலந்த கலையை உண்டாக்கினார் என்பார்கள். கதை எவ்வளவு நிஜமோ, துள்ளல் நிஜம். அதிலும் ஆடுகிறவர் ஒருவரே. ஆனால் அவர் ஓர் அடியைப் பாடியதும் பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். தெற்கே நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலோ புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்பார். கொலையுண்டு தெய்வமானவர்களின் கதையை ராவெல்லாம் ஒருவர் பாட வேண்டுமானால், அந்த "ஆமாம்" இல்லாமல் நெஞ்சு தாங்காது.

கேட்பவர்களே இல்லாத மேடையும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பகவதி கோயில்களில் இதற்கென்றே கட்டிய கூத்துமாடங்களில் தை தொடங்கி வைகாசி வரை நடக்கும் தோல்பாவைக் கூத்தைச் சொல்கிறேன். திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். பாட்டு கம்பனுடையது. மலையாள ஊரின் நடுவில், நடுராத்திரியில், தமிழ்ச் செய்யுள்! ராவண வதம் நடந்தபோது பத்திரகாளி தாருகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாளாம். அவள் பார்க்கத் தவறியதை ஆண்டுதோறும் காட்டுகிறார்கள். நான் ஒருமுறை இரவு மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரு நாயும் நானும். பாவைக்குப் பாடும் புலவர் குரலை ஒரு துளி தாழ்த்தவில்லை. அவர் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல, திரைக்குள்ளிருந்து இன்னொருவர் முனகலாக ஒத்துக்கொண்டார். அந்தத் துணையும் இல்லையென்றால் விளக்கு எண்ணெய் தீருமுன் மனிதர் தீர்ந்துபோவார்.

அப்பாவின் சாவுக்கு ஒப்பாரி வைத்தது அத்தை. தன் தம்பியான அப்பா பிறந்ததிலிருந்து கிணறு வெட்டியது வரைக்கும் பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தி, சாதாரணக் குரலில், "பந்தல் போட்டவருக்கு மோர் கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். யாரோ "கொடுத்தாயிற்று" என்றார்கள். விட்ட சொல்லிலேயே, அதே சுருதியில் மறுபடி பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்கு அது அருவருப்பாக இருந்தது. அத்தைக்கு அழுகையே வரவில்லையோ என்று நினைத்தேன். அவளுக்கு மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டியிருந்தது, யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று நேற்று ராத்திரிதான் தோன்றியது.

இப்போது நேற்றைய நாடகத்துக்கு வருகிறேன். வென்டிலேட்டர் ஓடும் ஒலியை அவர் வாயாலேயே செய்தார், கவனித்தீர்களா? உஸ்ஸென்று ஒன்று, க்ளக்கென்று ஒன்று. அந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில்தான் கதை சொன்னார். தாயாரின் மூச்சை விடுவதும் அவரே, தம் பேச்சுக்கு மூச்சு தேடுவதும் அவரே. பத்து நிமிடம் போனதும் கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவரை வணங்குகிறேன். ஆனால் கடைசியில், இயந்திரத்தை நிறுத்தும் இடத்தில், ஸ்பீக்கரில் புல்லாங்குழல் போட்டார்களே, அது எதற்கு? அவர் மூச்சு இரைக்க நிற்பது எங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். குழல் அதை மூடிவிட்டது. நேரில் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. பிறகு யோசிப்பதாகச் சொன்னார்.

அந்த "உம்" கேட்டபோது என்ன தோன்றியது என்றும் கேட்டேன். அந்த இடத்தில் வசனம் மறந்துவிட்டதாம். இருட்டில் ஒரு குரல் உம் கொட்டியதும், பாட்டி வீட்டுத் திண்ணையில் இருப்பதுபோல இருந்ததாம். சொம்பை எடுத்து அவர் தண்ணீர் குடித்தது ஒத்திகையில் இல்லாதது. அந்த மடக்கு தொண்டையில் இறங்கியது கடைசி வரிசைக்கும் கேட்டது.

பெரியவர் இன்றும் வந்திருக்கிறார். நேற்றுச் சிரித்துவிட்டோமே என்று கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். எட்டு மணிக்கு மறுபடியும் நாடகம் இருக்கிறது. அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். புல்லாங்குழல் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. டீ வந்துவிட்டது, எழுந்திருங்கள்.