கம்பைக் கடைசியாக வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைகிற எவருடைய கையும் முதலில் நீள்வது கம்பை நோக்கித்தான். சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். பளபளப்பும் வர்ணமும் கைப்பிடியின் மென்மையும் சேர்ந்து ஆளை இழுத்துவிடும். கம்புக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பணத்தில் நூல் சுற்றும் ரீல், அதிலும் மிஞ்சினால் நூல், கடைசியாகக் காசு கட்டும் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும் செயற்கை இரைகளில் இரண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். எந்த நீர்நிலை, அதில் எந்த மீன், அந்த மீன் எதைக் கண்டு பாயும், அந்த இரை எத்தனை கிராம், அதற்கு எந்த நூல் பொருந்தும்? இத்தனைக்கும் விடை தெரிந்த பிறகே ரீலையும் கம்பையும் தொட வேண்டும்.

நன்னீருக்கென்று இங்கே கிடைக்கும் நவீன சாமான்களில் பலவும் பாஸ் மீனை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் வேட்டை மீன். பச்சை உடல், பக்கவாட்டில் கருங்கோடு, கண்ணுக்கும் பின்னால்வரை பிளக்கும் வாய். 1932இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த பாஸின் எடை 10 கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு ஈடான ஒன்று அகப்பட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரித்தா அதைப் பிடித்தார். இரண்டுக்கும் இடையே ஓர் அவுன்ஸுக்கும் குறைவான வித்தியாசமே இருந்ததால் உலக சாதனை இருவருக்கும் பொதுவாகப் பதிவாகியிருக்கிறது.

ஜப்பானுக்கு பாஸ் எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1925இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களைத் தின்று பெருகியது. கடைசியில் 2005இல் அதை உயிருடன் இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் கொண்டுசெல்வதையும் நீரில் விடுவதையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. நமது குளங்களிலும் பாஸை விட்டால் என்ன என்று ஆர்வத்தில் கேட்கும் இளைஞர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்கிறேன். அந்த மீன் நமக்கு வேண்டாம். அதற்காகச் செய்த சாமான் போதும்.

ஏனென்றால் நம்மிடம் விரால் இருக்கிறது. பாஸைப் போலவே விராலும் செடிகொடிகளுக்குள் பதுங்கியிருந்து பாயும் மீன். கரையோரப் புல், ஆம்பல் இலை, சல்வீனியா மிதக்கும் தேக்கம் இவையெல்லாம் அதற்கு மறைவிடம். காற்றையும் சுவாசிப்பதால் பிராணவாயு குறைந்த கலங்கல் நீரிலும் வாழும். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும்போது நீர்ப்பரப்பில் ஒரு சுழி தெரியும். கொழும்பைச் சுற்றியுள்ள வாய்க்கால்களிலும் சதுப்பு நிலங்களிலும் பழகியவர்கள் அந்தச் சுழியைத் தேடித்தான் கண்ணை ஓட்டுவார்கள்.

இப்போது இரைக்கு வருவோம். விராலுக்கு முதல் இரை தவளை, உள்ளே குழிவான மென்ரப்பர் தவளை. இதைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். இரட்டை முள்ளின் இரண்டு கூர்களும் மேல்நோக்கி வளைந்து தவளையின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் அது செடிமேல் ஊர்ந்து வரும்போது எதிலும் மாட்டுவதில்லை. மீன் கவ்வும்போது உடல் அமுங்குகிறது, முள் வெளியே வருகிறது. கடையிலேயே கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தவளையை மேலும் கீழுமாக அழுத்திப் பாருங்கள். இலேசான அழுத்தத்திலேயே இரண்டு கூர்களும் முழுதாக வெளியே தெரிய வேண்டும். ரப்பர் விறைப்பாக இருந்து முள் பாதியில் நின்றுவிட்டால், எத்தனை அழகான வர்ணமாக இருந்தாலும் அதைத் திரும்பக் கொழுவிவிடுங்கள். வர்ணம் உண்மையில் நம்மைக் கவரத்தான். கீழேயிருந்து பார்க்கும் விராலுக்கு வானத்தின் வெளிச்சத்தில் தெரிவது ஒரு நிழலுருவம். அதனால் கறுப்பு ஒன்று, வெளிர்நிறம் ஒன்று இருந்தால் போதும் என்பது என் கருத்து.

தவளையைச் செடிமேல் எறிந்து, இழுத்து, திறந்த நீரின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள். அநேகமாக அங்கேதான் அடி விழும். விழுந்த கணத்தில் கம்பை வெட்டி இழுத்தால் இரை மட்டும் பறந்து வரும். மீன் கவ்விக்கொண்டு திரும்பும்வரை ஒரு மூச்சு பொறுத்து, நூல் கனப்பதை உணர்ந்த பின் பலமாக இழுக்க வேண்டும். விராலின் வாய் கடினமானது. மென்மையான இழுப்பு அதில் முள்ளை ஏற்றாது.

திறந்த நீருக்கு மீன் வடிவ இரைகள் இருக்கின்றன. பாணந்துறை வழியாகக் கடலோடு தொடர்புள்ள பொல்கொட ஏரியில் கொடுவாவைத் தேடிப் போகிறவர்களுக்கு அவைதாம் ஏற்றவை. இந்த வகை இரைக்குப் பேர் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் பின்லாந்தைச் சேர்ந்த லவுரி ரப்பாலா. ஒரு மீன் கூட்டத்தில் சற்றுத் தள்ளாடி நீந்தும் ஒன்றையே பெரிய மீன் குறிவைக்கிறது என்பதைக் கவனித்த மீனவர் அவர். 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்லேட் சுற்றிய தகட்டுத்தாளை ஒட்டி, புகைப்பட நெகடிவ்களை உருக்கிப் பூசித் தம் இரையைச் செய்தார். ஆகவே இந்த வகையில் நீங்கள் பார்க்க வேண்டியது தள்ளாட்டத்தைத்தான். வாய்க்கு முன்னால் இருக்கும் தகடு நீளமாக இருந்தால் இரை ஆழத்துக்கு இறங்கும், குட்டையாக இருந்தால் மேலாக நீந்தும். அமெரிக்காவின் ஆழமான நீர்த்தேக்கங்களுக்கென்று செய்த நீண்ட தகட்டு இரைகள் நமது ஆழமற்ற நீரில் சேற்றையும் பாசியையும்தான் அள்ளி வரும். அவற்றில் பணத்தைப் போடாதீர்கள்.

மென்பிளாஸ்டிக் புழு 1949இல் ஒஹாயோவில் நிக் கிரீம் என்பவர் தொடங்கிவைத்தது. முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து, முன்னால் பாரத்துக்கு ஒரு சிறு குண்டைக் கோத்துவிட்டால் செடிக்குள்ளும் போகும். விலை மலிவு, பழகவும் எளிது.

இனி நூல். செடிக்குள் தவளை எறிவதற்குப் பின்னல் நூல்தான். 30 முதல் 50 இறாத்தல் வரை தாங்குவது நல்லது. அது நீளாது, அதனால் தூரத்தில் கவ்விய மீனின் வாயிலும் முள் ஏறும். சாதாரண தங்கூசி, அதாவது ஒற்றையிழை நைலோன் நூல், நீளும் இயல்புடையது. ஒரு வகையில் அதுவும் நன்மைதான், திறந்த நீரில் மீன் துள்ளும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் அறுக்கும் என்பதால் பின்னல் நூலின் முனையில் தடித்த தங்கூசி இரண்டு அடியாவது கட்டிக்கொள்ளுங்கள். பின்னல் நூலை வெற்று ஸ்பூலில், அதாவது ரீலில் நூல் சுற்றும் உருளையில், நேரடியாகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் சில சுற்றுத் தங்கூசியைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள். முடிச்சை இறுக்குமுன் நனைக்க மறக்காதீர்கள்.

ரீல் விடயத்தில் நான் நீளமாகப் பேசப் போவதில்லை. பழகுகிறவர்களுக்கு, எறியும்போது ஸ்பூல் சுழலாமல் நூல் மட்டும் கழன்று போகும் ஸ்பின்னிங் ரீல், 3000 அளவு. ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே வரை நூல் நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் எறி தூரம் குறையும், கூடினால் வளையம் வளையமாகக் கழன்று சிக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரிங் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இழுவைக் கட்டுப்பாட்டை, அதாவது டிராக்கை, பாதி இறுக்கி நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்தால் அதுவே நல்ல ரீல். நூலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக்கை இறுக்க வேண்டாம்.

எறியும்போது ஸ்பூலும் சேர்ந்து சுழலும் பெயிட்காஸ்டிங் ரீல் கனமான இரைக்கும் குறி தவறாத எறிக்கும் சிறந்தது. அதன் மூதாதையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் செய்தவர் ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி. பற்சக்கரங்களின் நுட்பத்தைப் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை. எறியும்போது இரையைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் நூல் குருவிக்கூடாகிவிடும். இதைத் தவிர்க்க, இரையைத் தொங்கவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். இரை மெதுவாக இறங்கி நிலத்தைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்கும்வரை பக்கவாட்டுக் குமிழை இறுக்குங்கள்.

கடைசியாகக் கம்பு. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் எல்லாம் எழுதியிருக்கும். நீளம், பலம், வளைவு, எத்தனை இறாத்தல் நூல், எத்தனை அவுன்ஸ் இரை. கால் அவுன்ஸ் என்றால் 7 கிராம், அரை அவுன்ஸ் 14, ஓர் அவுன்ஸ் 28. நீங்கள் தெரிவு செய்த தவளை 12 கிராம் என்றால், கால் முதல் முக்கால் அவுன்ஸ் என்று எழுதிய கம்பு அதற்குச் சரி. பலம் மீடியம் ஹெவி, அதாவது நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பானது. வளைவு ஃபாஸ்ட், அதாவது நுனி மட்டும் சட்டென்று வளையும் வகை. நீளம் ஆறரை அடி முதல் ஏழு அடி. பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியதை வாங்குங்கள். வளையங்களின் உட்புறத்தைச் சிறு பஞ்சுத் துண்டால் துடைத்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது உங்கள் நூலை அறுக்கும்.

காபன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் கொழும்பில் இடி முழங்கத் தொடங்கினால் கம்பைக் கீழே வைத்துவிட்டு உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மின்கம்பிகளுக்குக் கீழே நின்று எறியவே வேண்டாம்.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்ல விரும்புகிறேன். சில வேளைகளில் நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு திரள் கொப்பளிப்பதைக் காண்பீர்கள். அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அதன் நடுவே எதை எறிந்தாலும் காவல் மீன் பசிக்காக அல்ல, குஞ்சுகளைக் காக்கவே பாயும். அதைப் பிடித்துவிட்டால் சற்று நேரத்தில் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து அங்கே எறியாதீர்கள், வேறு இடம் பாருங்கள்.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம் 1990 முதல் சரணாலயம். அப்படிப்பட்ட இடங்களில் தூண்டில் போடலாமா என்று வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்டறிந்துவிட்டே போங்கள். தூண்டிலில் கோக்கும் ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால் பிரித்தானியா 1987இல் பெரும்பாலான ஈயக் குண்டுகளைத் தடை செய்தது. நமது நீரிலும் கொக்கும் நீர்க்காகமும் இரை தேடுகின்றன. வசதியுள்ளவர்கள் டங்ஸ்டன் குண்டு வாங்குங்கள். அறுந்த நூலை ஒரு சாண்கூடக் கரையில் விடாமல் சுருட்டிப் பைக்குள் போட்டு, வீட்டுக்கு வந்து சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.

நன்றி, வணக்கம்.