வயிற்றோட்டம், கண்புரை, குதிகால் கட்டி, தள்ளாட்டம்: எல்லாம் ஒரே நோயா?

அடுத்த கேள்வி, புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. அவருடைய அண்ணாவுக்கு 27 வயது. சின்ன வயதிலிருந்தே அடிக்கடி வயிற்றோட்டம். பள்ளிக்கூடக் காலத்திலேயே இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது குதிகாலுக்கு மேலே கட்டி, நடையில் தள்ளாட்டம். கொலஸ்ட்ரோல் பரிசோதனை சரியாம். அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான் மச்சாள். "குடல் பழுதானதால்தான் நரம்பும் பழுதாகுது, தயிரும் கசாயமும் போதும் என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்கிறார்.

வீடியோவில் இருந்துகொண்டு நோயைச் சொல்ல முடியாது. ஆனால் இந்த நாலும் ஒரே ஆளில் சேர்ந்து வந்தால், கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டிய பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. செரிப்ரோடென்டினஸ் சாந்தோமடோசிஸ். வாயில் நுழையாது, சீ.ரி.எக்ஸ் என்று எழுதி வையுங்கள். 1937 இலேயே மருத்துவர்கள் விவரித்து எழுதிய நோய்தான்.

நம் ஈரல் கொலஸ்ட்ரோலில் இருந்து பித்த அமிலம் செய்கிறது. அதற்கு வேண்டிய ஒரு நொதியின் மரபணு, சீவைபி27ஏ1, இவர்களில் பழுது. பித்த அமிலம் போதாது என்று கண்ட ஈரல் மேலும் மேலும் வேலையைத் தொடங்கும், முடிக்க மாட்டாது. வாய்க்கால் உடைந்தது தெரியாமல், வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று குளத்துத் துருசை இன்னும் திறந்துவிட்ட மாதிரி. பாதியில் நின்ற சரக்கில் ஒன்று கொலஸ்டனோல் என்ற கொழுப்பாகி மூளையிலும் கண்வில்லையிலும் குதிகால் தசைநாணிலும் படிகிறது. ஆகவே குடல் நரம்பைக் கெடுக்கவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. தயிர் சாப்பிடட்டும், நல்ல சாமான். அது இந்த நொதியைக் கொண்டுவராது.

கொலஸ்ட்ரோல் சரியாக இருப்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். இந்த நோயில் அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் கொலஸ்டனோலை அளப்பதே இல்லை, தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு இதில் கவலை என்னவென்றால், வயிற்றை ஒருவர் பார்ப்பார், கண்ணை இன்னொருவர், கட்டியை சத்திரசிகிச்சைக்காரர். நாலையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது. எந்த வயதில் எது வந்தது என்று ஒரே தாளில் எழுதி, ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கிக்கொண்டு நரம்பியல் கிளினிக்குக்குப் போங்கள்.

மருந்து இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். கீனோடியொக்சிகோலிக் அமிலம், பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 750 மில்லிகிராம். பல நாடுகளில் முன்பிருந்தே கொடுக்கிறார்கள், அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று 2025 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. வயிற்றோட்டம் பெரும்பாலும் நன்றாகக் குறையும். நரம்பில் ஏற்கனவே போனது முழுதாகத் திரும்புவது கஷ்டம், அதனால் நாள் கடத்தக் கூடாது. இன்னொன்று, ஊர்சோடியொக்சிகோலிக் அமிலம் என்று ஒன்று பாமசியில் கிடைக்கும். பெயர் ஒத்திருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், இதற்கு அது வேலை செய்யாது.

சொந்தத்துக்குள் செய்ததற்காக அம்மா அப்பாவைக் குறை சொல்லவும் வேண்டாம். இருவரும் இந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்றைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அண்ணாவுக்கு இது உறுதியானால், தங்கச்சி, உங்களுக்கும் மற்றச் சகோதரங்களுக்கும் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும்.