மல்லிகை நஞ்சா? உப்புவெளித் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரேயொரு கேள்வி. உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "வாசல் மல்லிகையில் இரண்டு வயது மகன் இலையைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டான். ஆட்டுக்குட்டியும் அதைக் கடிக்கிறது. போனில் தேடினால் ஜாஸ்மின் நஞ்சு என்று வருகிறது. செடியைப் பிடுங்கிவிடவா அண்ணா?"

பிடுங்க வேண்டாம். மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றும் ஆட்களுக்கும் நஞ்சில்லை, ஆடு, நாய், பூனைக்கும் நஞ்சில்லை. நம் குண்டு மல்லிகையை வைத்துத்தான் சீனாவில் தேயிலைக்கு வாசம் ஏற்றுகிறார்கள். எங்கள் வேலி மல்லிகையைத் திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் பின்னேரத்தில் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும். துளிர்த்ததும் அதே கூட்டம் திரும்ப வந்து நிற்கும்! அளவுக்கு மீறித் தின்றால் ஆட்டுக்கு வயிறு குழம்பலாம், அது எந்த இலைக்கும் உள்ளதுதான்.

அப்போ போன் ஏன் அப்படிச் சொல்கிறது? பெயர்க் குழப்பம். ஆங்கிலத்தில் மல்லிகைக்கு உறவே இல்லாத பல செடிகளுக்கும் ஜாஸ்மின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கில் கரோலினா ஜாஸ்மின் என்று மஞ்சள் பூக்கொடி ஒன்று இருக்கிறது. தாவரப் பெயர் ஜெல்சீமியம். வேரிலிருந்து பூத்தேன் வரை நஞ்சு. அந்தக் கொடியின் பழியை நம் வாசல் மல்லிகை சுமக்கிறது.

ஆனால் ஜாஸ்மின் பெயரோடு நம் வளவுக்குள்ளேயே நிற்கிற இரண்டு செடிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று இரவு ராணி. கத்தரிக் குடும்பம். மெல்லிய குழல் மாதிரிப் பச்சை கலந்த வெள்ளைப் பூ, இருட்டின பிறகுதான் மணக்கும். அதன் வெள்ளை நிறக் காய்கள் பிள்ளைகளின் கண்ணில் படும், அதுதான் எனக்குப் பயம். கால்நடைக்கும் ஆகாது. மற்றது நந்தியாவட்டை. கோயிலுக்குப் பூப்பறிக்கலாம், வாயில் வைக்கக்கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு இலையைக் கிள்ளுங்கள். பால் வடிந்தால் அது மல்லிகை இல்லை, நந்தியாவட்டையாக இருக்கலாம். இரவு ராணியில் பால் வராது, ஆனால் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக நிற்கும். மல்லிகையில் எதிரெதிரே சோடியாக நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் பூவோடு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, மொட்டுத் துளைக்கிற புழுவுக்கு மருந்து அடித்திருந்தால் கதை வேறு. அப்போது நஞ்சு இலையின் மேலே இருக்கிறது. மருந்து அடித்த செடிப் பக்கம் பிள்ளையையும் ஆட்டையும் விடாதீர்கள். கடையில் வாங்கிய சரத்தையும் வாடினதும் ஆட்டுக்குப் போடாதீர்கள், அதில் என்ன அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

பிள்ளை வேறேதும் காயைத் தின்று வாந்தி, மயக்கம் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்தச் செடியில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொப்பைக் காட்டினால் டொக்டருக்கும் வேலை சுகம்.