நாற்காலி போட மட்டுமா இளைஞர்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஊரில் சமத்துவம் வளர்க்கும் பொறுப்பு அனுபவமுள்ள பெரியவர்களிடமே இருக்கட்டும் என்று பேசி அமர்ந்த எதிரணி நண்பர், “சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளையா நம்புவது?” என்று கேட்டார். எளிதில் கடந்துவிடக்கூடிய கேள்வி அல்ல அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க ஓடிவந்த தங்கையும் காயமடைந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களும் பள்ளி மாணவர்களே. இதை மறைத்துவிட்டு வாதாட எங்கள் அணிக்கு மனமில்லை. ஆனால், எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கோயில் திருவிழாவிலும் கொடிக்கம்பத்திலும் திண்ணைப் பேச்சிலும் பெரியவர்கள் காட்டிய நிறத்தைத்தானே அவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள்?

அந்தக் கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்த அதே அறிக்கை, எல்லாச் சமூகத்து மாணவர்களையும் சேர்த்துச் சமூக நீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கவும் பரிந்துரைத்தது. பள்ளிக்குள் சாதி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று ஆராய்ந்தவரே மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்கிறார். எதிரணியோ காத்திருக்கச் சொல்கிறது.

கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கு நடந்த அறிவொளி இயக்கத்தில், ஊதியம் வாங்காமல் மாலைதோறும் எழுத்துச் சொல்லிக் கொடுத்த தொண்டர்களில் இளைஞர்களும் இளம்பெண்களும் திரளாக இருந்தார்கள். கற்க வந்த பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்று, யார் துணையையும் எதிர்பாராமல் பக்கத்து ஊருக்குப் போய்வந்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் உறுதுணையாக நின்றார் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். அனுபவம் செய்ய வேண்டிய வேலை அதுதான்: இளையவர்களுக்கு வழிவிட்டு, பின்னால் நிற்பது.

கிராம சபைக்கு வருவோம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 18 வயது நிறைந்து பெயர் சேர்த்துக்கொண்ட பெண்ணுக்கும், ஊரின் மூத்த பெரியவருக்கும் சட்டத்தில் ஒரே தகுதி. நடைமுறையிலோ, இளைஞர்கள் நாற்காலி போடவும் மைக் கட்டவும் மட்டுமே அழைக்கப்படுகிறார்கள்; தீர்மானம் படிக்கப்படும்போது கொட்டகைக்கு வெளியே நிற்கிறார்கள்.

எங்கள் அணி கேட்பது ஒன்றே. ஒவ்வொரு கிராம சபைக்கு முன்பும் ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து எல்லாத் தெருவிலும் நடக்கட்டும். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தச் சுடுகாட்டுக்குப் பாதையில்லை, சக்கர நாற்காலியில் வருபவர் ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைய முடிகிறதா என்று ஒரே நோட்டில் எழுதட்டும். எழுதியவர்களே அதைச் சபையில் படிக்க வேண்டும். அது தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்கு இசைவான தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.