அப்பாயி மனதில் வைத்திருந்த 32 சீட்டு

வணக்கம் நேயர்களே.

ஜூன் மாதத்தில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் மழை பிடித்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்த காலத்தில், மலையிலிருந்து திரும்புகிறவர்கள் நனைந்த படங்கை அவிழ்த்து அடுப்புக்கு மேலே காயப்போட்டு, ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்த பிறகு, தோட்டத்து வீடான எங்கள் காம்பராவில் பாய் விரியும். அப்பாவின் அம்மாவான அப்பாயி, பெரியப்பா, அக்கா, நான். ஆட்டம் 304 என்ற சீட்டாட்டம்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். 52 சீட்டில் ஏழுக்குக் கீழே உள்ளதை எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சைபர். ஓர் இனத்தில் 76, நான்கு இனத்திலும் சேர்த்தால் 304. எதிரெதிரே இருக்கும் இருவர் சோடி. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுத்தான் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை புள்ளி எடுப்போம்" என்று கேட்க வேண்டும். மொத்தத்தில் பாதி 152, அதனால் எங்கள் வீட்டில் கேள்வி 160இல் தொடங்கும். கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டொன்றை, கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நான்கு சீட்டும் வரும்.

பாதி கையை மட்டும் பார்த்து வாக்குக் கொடுப்பது ஒரு குழந்தைக்குச் சின்ன விஷயமில்லை. ஒரு நாள் இரண்டு ஜாக்கி வந்த சந்தோசத்தில் நான் 200 கேட்டுவிட்டேன். பின்னால் வந்த நான்கும் வெறும் எட்டும் ஏழுமாக இருந்தன. தோற்றோம். அழுகை வந்துவிட்டது. என் சோடி அப்பாயிதான். அவர் ஏசவில்லை. "கேட்டது நீ, தோத்தது நாம ரெண்டு பேரும். அடுத்ததைக் கலை" என்றார். அவ்வளவுதான்.

அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். ஆனால் ஆட்டம் பாதி போனதும், எந்த ஒன்பது இறங்கிவிட்டது, எந்த ஆஸ் இன்னும் யார் கையில் பதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். அக்கா அப்போது ஓ.எல்., அதாவது சாதாரண தரம், படித்துக்கொண்டிருந்தாள். அவளால் அது முடியவில்லை.

அந்த மனதை வேறோர் இடத்திலும் பார்த்தேன். கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுப்பார்கள். ஒரு மாலை, கொடுத்த நிறைக்கும் துண்டில் எழுதியதற்கும் இரண்டு கிலோ இடித்தது. அப்பாயி சத்தம் போடவில்லை. காலையில் இவ்வளவு, பகலில் இவ்வளவு, இப்போது இவ்வளவு, சாக்குக்குக் கழித்தது இவ்வளவு என்று வரிசையாகச் சொன்னார். எழுதியவர் மறுபேச்சில்லாமல் திருத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கு அதிசயமாக இருக்கவில்லை. பாயில் தினமும் பார்க்கிற அப்பாயிதானே அவர்! அந்தச் சீட்டாட்டம் இல்லாவிட்டால், கைநாட்டு வைக்கிற ஒரு கிழவி என்றுதான் நானும் அவரை நினைத்து வளர்ந்திருப்பேன். பிறகு நான் ஆசிரியராகிப் பல வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்தேன். எழுதத் தெரியாத பெற்றோர் பாடசாலை வாசலில் கூசி நின்றபோதெல்லாம் எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு 304 வேண்டாம். கழுதை ஆட்டம் போதும். இறக்கிய இனத்தில் சீட்டு இல்லாதவர் வெட்டினால், பெரிய சீட்டுப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டு வைத்திருப்பவர் கழுதை. இனம் பிரிக்கவும், பெரிது சிறிது பார்க்கவும் ஆறு வயதுப் பிள்ளை இதில் தானாகப் பழகிக்கொள்ளும். பிள்ளை அழுமே என்று சில தாத்தாமார் வேண்டுமென்று தோற்றுப்போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைக்கு அது சீக்கிரமே புரிந்துவிடும், பிறகு உண்மையாக வென்றாலும் நம்பாது. அதைவிட, உங்கள் கையை விரித்துக் காட்டி விளையாடுங்கள்.

தோட்ட எல்லைக்கு அப்பால் இருந்த கிராமத்தில் எனக்கொரு சிங்களக் கூட்டாளி. அவனுடைய சீயா, அதாவது தாத்தா, எங்களுக்கு ஓமி என்ற சீட்டாட்டம் சொல்லித் தந்தார். அதற்கும் அதே 32 சீட்டுத்தான். ஹாரத, ரூயித, கலாபர, இஸ்கோப்ப என்று அவர் இனங்களைச் சொல்லுவார். நான் ஒழுங்காக உச்சரித்த முதல் சிங்களச் சொற்கள் அவைதான். நான்கும் ஒல்லாந்தச் சொற்களிலிருந்து வந்தவை என்று பிறகு படித்தேன். 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கண்டி ராச்சியத்தை ஆண்டதில்லை. ஆனாலும் அவர்களுடைய சீட்டு மலையேறி, ஒரு சீயாவின் வாய்வழி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சீட்டு என்றதும் முகம் சுளிக்கிற தாய்மார் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஒரு வருடம் தீபாவளி முற்பணம் முழுவதையும் எங்கள் உறவினர் ஒருவர் ஒரே இரவில் சீட்டில் விட்டுவிட்டு வந்தார். அவர் பிள்ளைகளுக்கு அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை. என் அம்மா எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டார். யாரும் தடுக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் ஆட்டமே இல்லை. பிறகு அப்பாயி ஹட்டன் டவுனில் ஒரு புதுக்கட்டு வாங்கி வந்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார். "இந்தப் பாயில காசு விழுந்தா, அப்பவே நீ இதையும் எரிச்சிரு" என்றார். புள்ளி வைக்க, பழைய விதைத் தேயிலை மலையில் பொறுக்கிய தேயிலைக் கொட்டை. வேறெதுவும் அந்தப் பாயில் விழுந்ததில்லை.

அந்தக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கிளாவர் ஒன்பது தொலைந்துபோய், அதற்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டி மட்டையில் வெட்டிய துண்டு ஒன்று இருக்கிறது. போன தீபாவளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மகள் குடும்பம் வந்தது. நான்காம் தரம் படிக்கும் பேத்தி என் சோடி. நான்கு சீட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கேட்கட்டுமா தாத்தா?" என்றாள். சோடியிடம் கேட்கக் கூடாது, கண்ணும் காட்டக் கூடாது என்றேன். கூரைத் தகரத்தில் மழை. விரல்விட்டு எதையோ கூட்டினாள், கழித்தாள், மறுபடி கூட்டினாள்.

"170" என்றாள்.

என் கையில் இரண்டு ஒன்பது இருந்தன. முகத்தில் காட்டாமல் இருந்தேன்.